அல்லேலூயா யாரைப் பார்த்துச் சொல்வது? வழிபாட்டில் ஒலிக்கும் புகழ்ச் சொற்களின் வேரும் பொருளும்

குமரி மாவட்டத்தில் ஒரே கல்யாண வீட்டில் மூன்று நான்கு திருச்சபைக்காரர்கள் சந்தித்துக்கொள்வது வழக்கம். கடற்கரை ஊரிலிருந்து வந்த கத்தோலிக்கர் "இயேசுவுக்கே புகழ்" என்பார். "மரியே வாழ்க" என்று பதில் வரும். சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள் "ஸ்தோத்திரம்" என்று கைகூப்புவார்கள். மலையாளம் புழங்கும் மலங்கரை, மலபார் முறைக் கத்தோலிக்கக் குடும்பங்களில் "ஈசோ மிசிஹாய்க்கு ஸ்துதியாயிரிக்கட்டே" என்ற வாழ்த்தும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த மண்ணில் இது இயல்புதான்.

குழப்பம் வருவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில். மாமியார் வீட்டுக் கோயிலில் நாற்பது நாளும் அல்லேலூயா பாடக் கூடாது என்கிறார்கள். அம்மா வீட்டுச் சபையில் எல்லா ஞாயிறும் அதே அல்லேலூயாதான். எது சரி? அந்தச் சொல்லுக்கு அர்த்தம்தான் என்ன? 'ஆமென் என்றால் தமிழில் ஆம் என்று பொருள்', 'ஓசன்னா என்றால் வாழ்க' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் விளக்கங்களில் பாதி தவறு. அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

இந்தச் சொற்களை எல்லாம் 'துதி' என்ற ஒரே பையில் போட்டுவிடுகிறோம். ஆனால் யார் யாரிடம் சொல்வது என்று கேட்டால் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும்.

1. அல்லேலூயா: மக்கள் மக்களைப் பார்த்து விடுக்கும் அழைப்பு.
2. ஓசன்னா: மக்கள் மீட்பரைப் பார்த்துக் கேட்கும் வேண்டுதல்.
3. ஆமென்: ஒருவர் சொன்னதைக் கேட்ட மற்றவர்கள் தரும் ஒப்புதல்.
4. ஸ்தோத்திரம், புகழ், போற்றி: வழிபடுகிறவர் கடவுளிடம் நேரே செலுத்துவது.

முதல் மூன்றும் எபிரேய மொழி சார்ந்தவை. புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் எழுதியவர்களே அவற்றை மொழிபெயர்க்காமல் ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் அந்த வழியைத்தான் பின்பற்றினார்கள். நான்காம் வரிசையில் உள்ளவை இந்த மண்ணின் பக்தி மரபிலிருந்து வந்தவை.

அல்லேலூயா

இது இரண்டு துண்டுகளால் ஆனது. 'ஹல்லெலூ' என்பது பலரைப் பார்த்துச் சொல்லும் ஏவல் வினை, தமிழில் 'துதியுங்கள்'. ஒருவனைப் பார்த்துச் சொல்லும் 'துதி' அன்று. 'யா' என்பது யாவே என்னும் இறைப்பெயரின் குறுக்கம். ஆக, 'யாவைத் துதியுங்கள்'. பாடகர் குழு சபையைப் பார்த்துக் கொடுத்த அழைப்பு இது.

சங்கீதங்களில் (திருப்பாடல்களில்) இது 24 முறை வருகிறது. முதல் இடம் 104-ஆம் சங்கீதத்தின் கடைசி வரி, கடைசி இடம் 150-இன் கடைசி வரி. 150-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள்: ஆறே வசனங்கள், எபிரேயத்தில் 'துதி' என்ற வினை 13 முறை. எக்காளம், வீணை, சுரமண்டலம், தம்புரு, யாழ், தீங்குழல், கைத்தாளம் என்று ஒவ்வொரு கருவியாக உள்ளே அழைத்து, முடிவில் 'சுவாசமுள்ளதெல்லாம்' என்று வட்டத்தை விரிக்கிறது. அல்லேலூயா ஓர் அழைப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். புதிய ஏற்பாட்டில் வெளிப்படுத்தல் 19-ஆம் அதிகாரத்தில் மட்டும் நான்கு முறை வருகிறது. அங்கே அது அழைப்பாக மட்டும் இல்லாமல் வெற்றி முழக்கமாகவும் மாறிவிட்டது.

'கர்த்தருக்கு அல்லேலூயா' என்ற வழக்கை இதை வைத்துத்தான் எடைபோட வேண்டும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'கர்த்தருக்கு யாவைத் துதியுங்கள்' என்று தடுமாறும். ஆனால் முழக்கமாக மாறிய சொல்லுக்கு அந்த இலக்கணக் கணக்கு பொருந்தாது. எனவே அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன்; மூலப் பொருள் தெரிந்து சொல்வது நல்லது.

ஒலிப்பைப் பற்றி:

1. சொல்லின் முதலில் உள்ள 'ஹ' ஒலிக்குக் கிரேக்கத்தில் தனி எழுத்து இல்லை. அது இலத்தீனில் 'அல்லெலூயா' ஆனது. தமிழுக்கும் 'அ' இயல்பு. மேற்கே சிலர் சொல்லும் 'ஹாலேலூயா' மலையாள வழக்கு. இரண்டும் சரி.
2. 'ஹல்லேலூஜா' மட்டும் தவறு. ஆங்கில எழுத்துக்கூட்டலில் உள்ள 'j' என்ற எழுத்து 'ய' ஒலியைக் குறிக்க வைத்தது. அதை 'ஜ' என்று வாசித்தால் இறைப்பெயரே மாறிவிடுகிறது.
3. பாடகர் குழு மூச்சை எங்கே எடுப்பது? 'அல்லே' என்று பாடி நிறுத்தி 'லூயா' என்று தொடர்வது பரவலான வழக்கம். அது வினையை நடுவில் முறிக்கிறது. மெட்டு கட்டாயப்படுத்தினால் 'லூ'வுக்குப் பிறகு வெட்டுங்கள். 'யா'வை விழுங்காதீர்கள். சொல்லின் உயிர் அந்தக் கடைசி எழுத்தில்தான் இருக்கிறது. கிரகோரியன் இசையில் அந்தக் கடைசி உயிரொலியை மட்டும் வரிக்கணக்கில் நீட்டிப் பாடும் மரபு உண்டு.

யா, யாவே என்ற பெயர் பற்றியும் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. யூதர்கள் நான்கு மெய்யெழுத்தாலான அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லாமல் 'அதோனாய்', அதாவது 'ஆண்டவர்' என்று வாசித்தார்கள். அந்த நான்கு மெய்யோடு 'அதோனாய்' என்ற சொல்லின் உயிர்க்குறிகளைச் சேர்த்து வாசித்ததால் பிறந்த வடிவமே 'யெகோவா'. 2008-இல் வத்திக்கானின் வழிபாட்டுத் துறை, வழிபாட்டுப் பாடல்களிலும் மன்றாட்டுகளிலும் 'யாவே' என்று உச்சரிக்க வேண்டாம் என்று ஆயர் பேரவைகளுக்கு எழுதியது. பழைய பாட்டுப் புத்தகத்தில் 'யாவே' என்றிருந்த இடம் சில கோயில்களில் 'ஆண்டவர்' ஆனதன் காரணம் இதுதான். அல்லேலூயாவை அந்த அறிவுறுத்தல் தொடவில்லை.

தவக்காலத்தில் ஏன் நிறுத்துகிறார்கள்?

இது இலத்தீன் முறைக் கத்தோலிக்கத் திருச்சபையின் வழிபாட்டு ஒழுங்கு. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் முதல், ஈஸ்டருக்கு முந்திய இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பு வரை அல்லேலூயா ஒலிக்காது. நற்செய்தி வாசகத்துக்கு முன் வேறொரு வாழ்த்தொலி பாடப்படும். பாடகர் குழுக்கள் தடுக்கி விழும் இடங்கள் இவை:

1. தவக்காலத்தில் வரும் அடக்கத் திருப்பலியும் திருமணத் திருப்பலியும் விதிவிலக்கு இல்லை. கல்யாணப் பாட்டுப் பட்டியலில் அல்லேலூயா இருந்தால் முன்கூட்டியே மாற்றிவிட வேண்டும்.
2. மார்ச் 19 புனித சூசையப்பர் பெருவிழா, மார்ச் 25 மங்கள வார்த்தைப் பெருவிழா இரண்டும் பெரும்பாலும் தவக்காலத்துக்குள் விழும். அன்று வானவர் கீதம் (லூக்கா 2:14-இல் வானவர் பாடிய வரியோடு தொடங்கும் புகழ்ப்பாடல்) உண்டு, அல்லேலூயா கிடையாது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே அதிகம் நடக்கும் பிழை.
3. பெரிய வியாழன் மாலையிலும் அதே நிலைதான்.

பாஸ்கா இரவில் அருட்பணியாளர் அல்லேலூயாவை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு படி சுருதி உயர்த்திப் பாடுகிறார். மக்கள் திருப்பிப் பாடுகிறார்கள். இத்தனை நாள் அடைத்துவைத்த சொல் அப்போது வெளிப்படுகிற வலிமையைப் புரிந்துகொண்டால், நிறுத்தியதன் காரணமும் புரியும். அது பாஸ்காவின் சொல்; அதற்காகக் காத்திருக்கச் செய்கிறார்கள். தவக்காலத்தில் அதைச் சொல்வது பாவம் என்ற கருத்து இதில் இல்லை. கிரேக்க மரபுத் திருச்சபைகளில் தவக்காலத்தின் வைகறை வழிபாட்டில் அல்லேலூயா கூடுதலாகவே ஒலிக்கிறது. பெந்தெகொஸ்தே சபைகளுக்கு இந்த ஒழுங்கே இல்லை. ஆகவே மாமியார் வீடும் சரி, அம்மா வீடும் சரி. அந்தந்தக் கோயிலின் ஒழுங்குப்படி நடந்துகொள்வதே முறை.

ஓசன்னா: கதறலாகப் பிறந்த சொல்

குருத்தோலை ஞாயிறன்று ஓலையை ஆட்டிக்கொண்டு குருசடியிலிருந்து கோயில்வரை பவனி வரும்போது, இந்தச் சொல்லை 'வாழ்க' என்ற பொருளில்தான் பாடுகிறோம். மூலத்தில் அது 'ஹோஷியா நா': 'காப்பாற்றும், தயவுசெய்து!' சங்கீதம் 118:25-இல் தமிழ் வேதாகமம் அதை அப்படியே பெயர்த்திருக்கிறது: "கர்த்தாவே, இரட்சியும்."

அரசனைப் பார்த்து எழுப்பும் குரலும் இதே வினைதான். 2 சாமுவேல் 14:4-இல் தெக்கோவா ஊர்ப் பெண் தாவீதின் காலில் விழுந்து "ராஜாவே, இரட்சியும்" என்கிறாள். ரோமை ஆட்சியின்கீழ் கிடந்த மக்கள் 'தாவீதின் குமாரனுக்கு ஓசன்னா' என்று கூவியபோது, அதில் வாழ்த்தும் இருந்தது, மீட்கச் சொல்லும் கதறலும் இருந்தது. இயேசு என்ற பெயரின் எபிரேய வடிவமான 'யேசுவா'வும் ஓசன்னாவும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அந்தக் கூட்டம் அவருடைய பெயரைத்தான் வினையாக்கிக் கூவியது.

ஓலைக்கும் சங்கீதத்துக்கும் தொடர்பு உண்டு. யூதர்களின் கூடாரப் பண்டிகையில் 118-ஆம் சங்கீதத்தைப் பாடும்போது ஓலைக்கட்டை அசைப்பார்கள். பண்டிகையின் ஏழாம் நாளுக்கு 'பெரிய ஓசன்னா' என்றே பெயர். கெஞ்சல் மெல்ல மெல்ல ஆரவாரமானது இந்தப் பண்டிகைப் பழக்கத்தால்தான். மத்தேயு, மாற்கு, யோவான் மூவரும் ஓசன்னாவை வைத்திருக்கிறார்கள். எபிரேயம் அறியாத வாசகர்களை மனத்தில் வைத்து எழுதிய லூக்கா மட்டும் அதை விட்டுவிட்டார் (19:38).

திருப்பலியில் 'தூயவர், தூயவர், தூயவர்' பாடலில் ஓசன்னா இரண்டு முறை வரும். பல குழுக்கள் அங்கே தாளத்தை ஏற்றி ஓட்டமாக ஓடுகின்றன. அது ஒரு வேண்டுதலும்கூட என்று தெரிந்தவர்கள் அந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாடுவார்கள்.

ஆமென்: வாங்கிக்கொள்ளும் சொல்

இதன் வேர்ச்சொல்லுக்கு 'உறுதியாக நில்' என்று பொருள். விசுவாசம் என்பதற்கான எபிரேயச் சொல்லும் இதே வேர். உபாகமம் 27:15 முதல் 26 வரை லேவியர் பன்னிரண்டு சாபங்களைச் சொல்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் மக்கள் 'ஆமென்' என்கிறார்கள். சாபத்துக்கும் ஆமென் உண்டு! 'இது என்னைக் கட்டும்' என்று கையெழுத்துப் போடுவதற்குச் சமம் அது.

இயேசு இதன் இடத்தையே மாற்றினார். பிறர் சொன்ன பின் சொல்லும் சொல்லைத் தாம் பேசத் தொடங்கும் முன் வைத்தார். 'மெய்யாகவே மெய்யாகவே உங்களுக்குச் சொல்லுகிறேன்' என்று நாம் வாசிக்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது 'ஆமென், ஆமென்'. யோவான் நற்செய்தியில் இந்த இரட்டை ஆமென் 25 முறை வருகிறது.

'ஆம் + என்' என்று பிரித்துத் தமிழ் வேர் சொல்வது ஒலி ஒற்றுமையால் வந்த மயக்கம். எகிப்தியக் கடவுள் ஆமோனின் பெயர் இது என்ற பரப்புரையும் அப்படியே. அந்தப் பெயரின் வேரும் பொருளும் வேறு. உண்மையான உறவு தேங்காய்ப்பட்டணத்திலும் திருவிதாங்கோட்டிலும் பள்ளிவாசலில் ஒலிக்கும் 'ஆமீன்' என்ற சொல்லோடு இருக்கிறது. இரண்டும் ஒன்றே.

யூத ரபிமார் ஆமென் சொல்வதில் மூன்று பிழைகளைக் கண்டித்தார்கள். யூத ரபிமாரின் போதனைத் தொகுப்பான தல்மூதின் பெராக்கோத் பகுதியில் இது பதிவாகியிருக்கிறது. இன்றைய கன்வென்ஷன் பந்தலுக்கும் அப்படியே பொருந்தும்:

1. பறித்த ஆமென்: ஜெபிக்கிறவர் முடிக்கும் முன்னே அவசரப்பட்டுச் சொல்வது.
2. நறுக்கிய ஆமென்: கடைசி எழுத்தை விழுங்கி 'ஆமெ' என்று விடுவது.
3. அநாதை ஆமென்: ஜெபத்தைக் கேட்காமலே, பக்கத்தில் இருப்பவர் சொன்னார் என்று சொல்வது.

மூன்றாவதற்கு ஒலிபெருக்கியும் ஒரு காரணம். பந்தலின் கடைசி வரிசையில் கூம்பு ஸ்பீக்கரின் எதிரொலியில் ஜெபத்தின் வாசகம் கலங்கி, 'ஆமென்' மட்டும் தெளிவாகக் கேட்கும். எதற்கு ஒப்புக்கொண்டோம் என்று தெரியாமல் ஒப்புதல் கொடுத்துவிடுகிறோம். ஜெபிக்கிறவர் கடைசி வாக்கியத்தை மெதுவாக, முழுதாகச் சொல்லி ஒரு நொடி நிறுத்தினால் இது பெரிதும் சரியாகும். பிரசங்கத்தின் நடுவே வரிக்கு வரி 'ஆமென்? ஆமென்?' என்று கேட்டு வாங்குவது எனக்கு உடன்பாடில்லை. கையெழுத்தை வற்புறுத்தி வாங்குவது போன்றது அது.

ஸ்தோத்திரம்: ஒரு சொல்லின் முதுகில் மூன்று சுமை

சமஸ்கிருத 'ஸ்தோத்ர' என்பதன் தமிழ் வடிவம் 'தோத்திரம்'. கிறிஸ்தவர் வரும் முன்பே இங்கே வேரூன்றிய சொல். சைவர்கள் பன்னிரு திருமுறையைத் தோத்திரம் என்றும் மெய்கண்ட நூல்கள் பதினான்கைச் சாத்திரம் என்றும் வகுத்தார்கள். 'துதி'யும் இதே வடமொழி வேரின் இன்னொரு கிளை. 'புகழ்', 'போற்றி', 'ஏத்து', 'வாழ்த்து' ஆகியவை தமிழுக்கே உரியவை.

ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871-இல் முடித்த மொழிபெயர்ப்பையே சீர்திருத்தச் சபைகள் இன்றும் வாசிக்கின்றன. அதில் இந்த ஒரு சொல் மூன்று வேறு கிரேக்க வினைகளைச் சுமக்கிறது. மத்தேயு நற்செய்தியிலேயே பார்க்கலாம்:

1. 21:9 'ஸ்தோத்திரிக்கப்பட்டவர்': மூலத்தில் 'ஆசி பெற்றவர்'.
2. 26:27 'பாத்திரத்தையும் எடுத்து, ஸ்தோத்திரம்பண்ணி': மூலத்தில் 'நன்றி கூறி'. நற்கருணையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் பிறந்தது இந்த வினையிலிருந்துதான்.
3. 26:30 'ஸ்தோத்திரப்பாட்டைப் பாடினபின்பு': மூலத்தில் 'பாடல் பாடி'. பஸ்கா விருந்தின் முடிவில் பாடும் வழக்கப்படி 118-ஆம் சங்கீதத்தோடு முடியும் தொகுதியாக அது இருக்கலாம் என்று விளக்கவுரையாளர்கள் கருதுகிறார்கள்.

விளைவு என்ன? '1 தெசலோனிக்கேயர் 5:18: எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்' என்பதை, 'ஸ்தோத்திரம் என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்' என்று புரிந்துகொள்கிறவர்கள் உண்டு. பவுல் கேட்டது நன்றி. கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து உருவாக்கி 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் 'நன்றி கூறுங்கள்' என்றே இருக்கிறது. குழுவாக வேதம் படிப்பவர்கள் 'ஸ்தோத்திரம்' வரும் இடங்களில் இரண்டு மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால், புகழா, நன்றியா, ஆசியா என்பது தெளிந்துவிடும்.

கத்தோலிக்க வழக்கு வேறொரு பாதையில் வந்தது. 1544-இல் சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரையில் நடந்து செபங்களைத் தமிழில் சொல்லிக்கொடுத்த காலத்திலிருந்து போர்த்துக்கீசியச் சொற்களும் வடசொற்களும் கலந்தன. 'இஸ்பிரீத்து சாந்து', 'சர்வேசுரன்', 'குருசு' எல்லாம் அப்படி வந்தவை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பிறகு வழிபாடு தமிழானபோது, தோத்திரம் பின்வாங்கிப் புகழும் போற்றியும் முன்னுக்கு வந்தன. வயதானவர்கள் வாயில் மட்டும் 'சாமி, தோத்திரம்' நிலைத்திருக்கிறது.

மகிமையும் ஓர் எழுத்தும்

'மகிமை' அல்லது 'மாட்சி' என்று பெயர்க்கும் எபிரேயச் சொல் 'காவோத்'. அதன் வேர்ப் பொருள் எடை, பாரம். தமிழில் இதற்கு அச்சாகப் பொருந்தும் சொல் 'கனம்': பாரமும் அதுவே, மதிப்பும் அதுவே. 'மகிமையும் கனமும்' என்று வெளிப்படுத்தல் 4:11-இல் வாசிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

வானவர் பாடலில் (லூக்கா 2:14) சபைகளுக்குள் காணும் வேறுபாட்டுக்குக் காரணம் கிரேக்கத்தில் ஒரே எழுத்து. 'மனுஷர்மேல் பிரியமும் உண்டாவதாக' என்பது 'பிரியம்' என்ற கிரேக்கச் சொல்லின் முடிவில் சிக்மா ('ஸ்' ஒலிக்கான எழுத்து) இல்லாத பாடம். 'அவருக்கு உகந்தோருக்கு அமைதி' என்பது சிக்மா உள்ள பாடம்; 4-ஆம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் கையெழுத்துப் படிகளில் முதலில் எழுதப்பட்டது இதுதான். யாரும் வேதத்தைத் திருத்திவிடவில்லை.

'ஏழு எபிரேயத் துதிச் சொற்கள்' பற்றி

ஹாலல், யாதா, தோதா, பாரக், ஸாமர், ஷாபக், தெஹில்லா என்ற பட்டியல் பிரசங்கங்களில் அடிக்கடி வரும். பட்டியலில் தவறில்லை. விளக்கத்தில்தான் வழி தவறுகிறார்கள்.

1. 'ஹாலல் என்றால் பைத்தியம்போல் ஆடுதல்': தாவீது பித்தர்போல் நடித்ததைச் சொல்லும் 1 சாமுவேல் 21:13-ஐச் சான்று காட்டுவார்கள். எழுத்து ஒன்றானாலும் இரண்டையும் அகராதிகள் தனித்தனி வேராகவே பிரிக்கின்றன. 'கல்' என்ற வினைக்குப் பாறையில் பொருள் தேடலாமா?
2. 'பாரக் என்றால் முழங்காலிடுதல்': முழங்காலுக்கான சொல் ஒலியில் நெருக்கமானதுதான். ஆனால் ஆதியாகமம் 1:28-இல் கடவுள் மனிதரை ஆசீர்வதிப்பதும் இதே வினை. அவர் மனிதர் முன் மண்டியிட்டார் என்று யாரும் சொல்வதில்லை.
3. 'ஷாபக் என்றால் உரக்கக் கத்துதல்': சங்கீதம் 63:3-இல் 'என் உதடுகள் உம்மைத் துதிக்கும்' என்பது இந்தச் சொல். சத்தமிடுவதற்கு எபிரேயத்தில் வேறு வினை இருக்கிறது. 100-ஆம் சங்கீதம் அதைக்கொண்டே தொடங்குகிறது.

'யாதா' மட்டும் கொஞ்சம் ஆழமாகப் பார்க்கத் தக்கது. பாவத்தை ஒப்புக்கொள்வதற்கும் நன்மையை ஒப்புக்கொள்வதற்கும் அதே வினைதான். லேயாள் தன் நான்காம் மகனுக்கு யூதா என்று பெயரிட்டது இதை வைத்தே (ஆதியாகமம் 29:35).

கடைசியாக, புகழ்ச் சொல் என்று தவறாக எண்ணப்படும் ஒன்று: 'சேலா'. சங்கீதங்களில் 71 முறையும் ஆபகூக் 3-ஆம் அதிகாரத்தில் 3 முறையும் வருகிறது. பாடகருக்கோ இசைப்பவருக்கோ இட்ட குறிப்பு என்பது பொதுவான கருத்து. அதன் சரியான பொருள் இன்றுவரை தீர்மானமாகவில்லை. ஆலயத்தில் சங்கீதம் வாசிக்க எழுபவர் அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இடத்தில் ஒரு மூச்சு நேரம் நிறுத்தி, அடுத்த வரிக்குப் போகலாம்.